அந்தச் சிவப்புப் பூ மரம்

அந்த மரத்தின் பெயர் எனக்குத் தெரியும். தெரியும் என்பதில் சந்தேகமில்லை, கொஞ்சம் நின்று மூச்சு விட்டால் வந்துவிடும், எஸ்டேட் சாலை வளைந்து மேலேறும் இந்த இடத்தில் யாருக்கும் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கும்போது எந்தப் பெயரும் வராது, அவ்வளவுதான். காப்பிச் செடிகளுக்கு நடுவே தனியாக நிற்கிறது. மருந்துக்கும் ஓர் இலை இல்லை. கிளை நுனிகள் எல்லாம் சிவப்பு, மிளகாய்ப்பழத்தைக் கொத்துக் கொத்தாகச் சொருகி வைத்ததுபோல, அடிமரத்தில் குட்டைக் குட்டையாகக் கறுப்பு முள், பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடிக்கிற மைனாக்கள், அவற்றைத் தள்ளி உட்காரச் சொல்லி அதட்டுகிற ஒரு கரிச்சான். மைனா தெரிகிறது. கரிச்சான் தெரிகிறது. மிளகாய்ப்பழம், முள், கிளை எல்லாம் கூப்பிட்டவுடன் வந்து நிற்கின்றன. மரம் மட்டும் வரவில்லை. இதன் இலையை அரைத்து அம்மா அடை சுட்டுத் தந்திருக்கிறாள், எங்களுக்குச் சளி பிடித்தால். நாக்கு அந்தப் பச்சை வாசனையை எடுத்துக் கொடுக்கிறது, மிளகு காரத்தை எடுத்துக் கொடுக்கிறது, பெயரைக் கொடுக்க மாட்டேன் என்கிறது. முருங்கை என்று ஒரு சொல் வருகிறது. இல்லை, நீ இல்லை, முருங்கை வெள்ளையாகப் பூக்கும், சாம்பாரில் கிடக்கும், நீ எதற்கு இங்கே வந்தாய், போ. அது போகாமல் நிற்கிறது. இலவம்? இலவம் பூ தடிமனாக இருக்கும், விழுந்தால் தொப்பென்று சத்தம் கேட்கும். பலாசு? பலாசு கீழே, சேலம் போகிற வழியில். மறுபடியும் முருங்கை. போ என்றேன் இல்லையா. எனக்கு முன்னால் என் தங்கை தமயந்தி போய்க்கொண்டிருக்கிறாள், வேகமாக, மஞ்சள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவளைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள், கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள், வருஷம் தவறாமல் பங்குனியில் பிள்ளைகளை இந்தப் பாதையில் கூட்டி வந்து ஒவ்வொரு பூவாக நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறவள். கேட்க மாட்டேன். கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். இல்லாவிட்டால் எதற்காக இந்த நடை. வியாழக்கிழமை போனில், "அக்கா, ஏற்காடு போலாமா, மழை பெஞ்சிருக்கு, காப்பி பூத்துருக்கும், நாம ரெண்டு பேர் மட்டும்," என்றாள். உன் வீட்டுக்காரர் வரலையா என்று கேட்டேன். "அவரு எதுக்கு, நாலு மரத்தப் பார்த்தா முட்டி வலிக்குதும்பாரு. நாம மட்டும். உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்க்கா." ஒரு விஷயம். என் தங்கை போனில் பேச முடியாத விஷயம் என்று எதையும் வைத்துக்கொள்பவள் இல்லை, கருப்பையை எடுத்ததைக்கூட காய்கறி வாங்கிக்கொண்டே, அப்போது எடின்பரோவில் இருந்த எனக்குப் போன் போட்டுச் சொன்னவள், நடுவில் கத்தரிக்காய்க்காரனிடம் சொத்தையைத் திருப்பிக் கொடுத்தாள். அப்படிப்பட்டவளுக்கு மலையேறி வந்து, காற்றும் பூவும் பார்த்து, என்னை ஒரு கல்லில் உட்காரவைத்துச் சொல்லவேண்டிய விஷயம் ஒன்றுதான் இருக்க முடியும். அக்கா, நான் கொஞ்ச நாளா உன்னக் கவனிச்சிட்டு வரேன். அப்பாவுக்கு வந்தது மாதிரி இருக்குதுக்கா. ஒரு டாக்டரப் பார்த்துருவமா. எஸ்டேட் கேட்டைத் தாண்டும்போதே இதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டில் அந்தோணி இருந்தான், வாட்ச்மேன், இவளைப் பார்த்ததும் தன் கூண்டுக்குள் போய் மஞ்சள் குடையை எடுத்துக்கொண்டு வந்தான். "மேடம், இத நீங்க போன வாரம் விட்டுட்டுப் போனது. அதுக்கு முந்தின வாரம் கறுப்புக் கொட. இப்பிடியே போனா நான் கேட்டுக்குப் பக்கத்துல கொடக் கட வச்சிருவேன்." "வையி அந்தோணி, மொத போணி நான்தான்," என்று சிரித்தாள் தமயந்தி, நானும் சிரித்தேன், என் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது, ஏனென்றால் குடை என்றதும் எனக்கு அடுப்பு ஞாபகம் வந்துவிட்டது. போன மாதம் பாலை வைத்துவிட்டு மறந்து போனேன், பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை, எதிர்வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டினாள். குடையை மறப்பது வேறு, அடுப்பை மறப்பது வேறு. குடையை எல்லாரும் மறப்பார்கள். அதன்பிறகு ஏற்றத்தில் தமயந்தி அந்தக் கதையைச் சொன்னாள், பரீட்சையில் ஒரு பையன் எழுதியதை, குயில் எங்கே முட்டையிடும் என்று கேட்டதற்கு, காக்கா வீட்டில் அட்வான்ஸ் கொடுக்காமல் என்று எழுதியிருந்தானாம். "முழு மார்க்கு போட்டுட்டேன்க்கா, வேற என்ன பண்றது, உண்மைதான?" நன்றாகச் சிரித்தேன்.

அப்பாவுக்கு முதலில் போனது உப்பு. மின்வாரியத்தில் வேலை, இந்த மலையிலேயே பத்து வருஷத்துக்கு மேல் இருந்தோம், எந்தக் கம்பத்தில் எந்த லைன் ஓடுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய மனிதர், ஐம்பது தாண்டியதும் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, "அத எடு," என்றார். எத? "அதான், வெள்ளையா இருக்குமே, கடல்ல." நாங்கள் சிரித்தோம். அம்மா, "கப்பலா?" என்று கேட்டாள், இன்னும் சிரித்தோம், அவரும் சிரித்தார், அவர் சிரித்த விதம்தான் இப்போது எனக்குள் திரும்பத் திரும்ப வருகிறது, உதடு மட்டும் சிரித்தது, கண் மேசைமேல் எங்கேயோ அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தது. பெயர்கள்தான் முதலில் போகும் என்றார் அப்புறம் டாக்டர். பெயர்கள், பிறகு வழிகள், பிறகு முகங்கள். சில குடும்பங்களில் இது இறங்கும், இரண்டு பெண்களில் ஒருவருக்கு வரலாம், இரண்டு பேருக்கும் வரலாம், வராமலே போகலாம். இரண்டு பெண்களும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தோம், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் வெளியே வந்து படியிறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நான்தான் என்று. அப்பாவின் புருவம் எனக்கு. அப்பாவின் இடதுகைப் பழக்கம் எனக்கு. அவர் மாதிரியே நானும் யோசிக்கும்போது காது மடலைப் பிடித்து உருட்டுவேன். தமயந்தி அப்படியே அம்மா, அம்மாவுக்கு எழுபத்தைந்து வயதில் சாகிற அன்றைக்குக் காலையில்கூடப் பால்காரனோடு வாதாட ஞாபகம் இருந்தது. ஆகவே இருபது வருஷம் அந்தக் குளிர்ந்த ஊரில் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து புத்தகங்களை அடுக்கிக்கொண்டு, என்னை நானே பரீட்சை பண்ணிக்கொண்டிருந்தேன். பேருந்தில் போகும்போது ஜன்னலில் தெரிகிற ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர், தமிழில் ஒரு பெயர். ஒரு மொழியில் வராவிட்டால் இன்னொன்றில் வந்தது, அதில் ஓர் ஆறுதல் இருந்தது, பிறகு அதுவே பயமானது. எட்டாம் வகுப்புவரை தமிழில் படித்து, ஒன்பதிலிருந்து மலைமேல் கன்னியர் பள்ளியில் ஆங்கிலத்தில் படித்தவளுக்கு ஓட்டை விழுந்தால் யாருக்குத் தெரியும்? ஒரு சட்டை கிழிந்தாலும் உள்ளே இன்னொரு சட்டை. இரண்டும் நைந்து தோல் தெரிகிறபோதுதான் ஊருக்குத் தெரியும், அப்போது காலம் கடந்திருக்கும். இப்போது இந்த மரத்துக்கு ஆங்கிலத்திலும் ஒன்றும் வரவில்லை. புலி என்று என்னவோ. பவளம் என்று என்னவோ. அந்தப் பக்கமும் இருட்டு.

"அங்க பாருக்கா," என்று தமயந்தி நின்றுவிட்டாள். அவள் விரல் போகிற திசையில் அதே மரம், வளைவின் அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் பெரிதாகத் தெரிகிறது. இதோ சொல்லப்போகிறாள், சொல்லட்டும், நான் சொல்லாமலே காதில் விழுந்துவிடும், பிறகு அது என்னுடையது. "எரித்ரினா வேரிகேட்டா," என்றாள். அவ்வளவுதான். வகுப்பில் கரும்பலகையில் எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ஏன் என் முகத்தைப் பார்க்கிறாள்? வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற மரத்துக்கு யாராவது தங்கள் அக்காவிடம் லத்தீனில் பெயர் சொல்வார்களா, தமிழ்ப் பெயரை நான் சொல்லட்டும் என்று விட்டுவைத்திருக்கிறாள், அதுதானே, பாதியைச் சொல்லி மீதியைக் கோடிட்ட இடமாக விட்டிருக்கிறாள். நான் "அழகு," என்றேன். "ஆமாக்கா, அழகு," என்றாள் அவளும், இன்னும் கொஞ்சம் நேரம் நின்றாள், பிறகு நடந்தோம். பரீட்சையில் ஒரு கேள்வி போயிற்று. மற்றதில் எடுத்துவிடலாம். பலா மரம், அடியிலேயே பிஞ்சு விட்டிருக்கிறது, பலா, பலா. மிளகுக் கொடி. மந்தாரை, ஊதா, இலை மாட்டுக் குளம்பு மாதிரி. நீலமாகக் கொட்டிக் கிடக்கிற ஜக்கரண்டா. கொண்டைக்குருவி, கன்னத்தில் குங்குமம் வைத்தது. எங்கேயோ ஒரு குக்குறுவான் ஒரே ராகத்தில் குக்குறு குக்குறு என்று, ஆள் தெரியவில்லை, ஆனால் பெயர் தெரிகிறது. மஞ்சளாக ஒன்று வெட்டிக்கொண்டு போகிறது, மாங்குயில். நான் ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொன்னேன், கொஞ்சம் அதிகச் சத்தமாக, தமயந்தி ஒவ்வொன்றுக்கும் "ஆமாக்கா" "ஆமாக்கா" என்று தலையாட்டினாள், திருத்தவே இல்லை, எல்லாம் சரியாகத்தான் சொல்கிறேன். மாங்குயில் போனதும் அவள் திடீரென்று சிரித்தாள். "அக்கா, ஒண்ணு சொல்லட்டா? ஒரு பையன் பரீட்சையில எழுதியிருந்தான். குயில் எங்க முட்டையிடும்னு கேட்டா, காக்கா வீட்ல, அட்வான்ஸ் குடுக்காமன்னு. முழு மார்க்கு போட்டுட்டேன்." இதை முன்பே சொன்னாளா? கேட்டைத் தாண்டி, ஏற்றத்தில், சொன்னாள், நான் சிரித்தேன். சொன்னாளா, அல்லது இப்போது சொல்வதுதான் முதல் தடவையா, முன்பே கேட்டதுபோல எனக்குத் தோன்றுகிறதா? அப்படியும் உண்டு, நடக்கிறபோதே ஏற்கெனவே நடந்ததுபோலத் தோன்றுமாம், மூளையில் இரண்டு நேரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளுமாம், எங்கேயோ படித்திருக்கிறேன், எங்கே என்பது ஞாபகமில்லை, பார், அதுவும் ஞாபகமில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தேன். "வேற என்ன பண்றது, உண்மைதான?" என்றாள். அதே வார்த்தை. அதே கை ஆட்டல். நான் சேலையின் ஓரத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டு நடந்தேன்.

சாலை இரண்டாகப் பிரிகிற இடத்தில் அவள் நின்றாள். ஒன்று பழைய பங்களாவுக்கு, ஒன்று ஓடைக்கு, நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதும் இப்படித்தான் பிரிந்தது. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நேரமாயிற்று. ஒரு வால்காக்கை எங்கள் தலைக்குமேல் உட்கார்ந்து, எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தது. "நீ சொல்லுக்கா," என்றாள், "ஓடைக்கு எந்தப் பக்கம்?" பெயர்கள் முடிந்து வழிகளுக்கு வந்துவிட்டாள். டாக்டர் சொன்ன அதே வரிசை. "வலது பக்கம்," என்றேன். "கரெக்ட்," என்று சொல்லி என் தோளைத் தட்டினாள், அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன், பாவம், எனக்காக எவ்வளவு பயந்திருக்கிறாள். வலதுபுறம் இறங்கியதும் காப்பி. இதைத்தான் பார்க்க வந்தோம். மழை பெய்து எட்டாம் ஒன்பதாம் நாளில் சரிவு முழுவதும் ஒரே சமயத்தில் வெள்ளை, ஒவ்வொரு கிளையிலும் கணுவுக்குக் கணு கொத்து, தேனீக்களின் இரைச்சல் மரத்துக்குள் மோட்டார் ஓடுவதுபோல, வாசனை, மல்லிகை மாதிரி என்பார்கள், மல்லிகை இல்லை, மல்லிகைக்கு ஒரு தலை வேண்டும், ஒரு கூந்தல் வேண்டும், இது யாருக்கும் இல்லாத வாசனை. இரண்டு நாளில் எல்லாம் பழுப்பாகிவிடும். தமயந்தி ஒரு கொத்தை மூக்கருகே இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இந்தச் சரிவில்தான் அவள் ஒளிந்துகொள்வாள். நாலு வயதோ ஐந்து வயதோ, இந்த மாதம், அக்காக்குருவி கத்துகிற மாதம், மரத்துக்குள் எங்கேயோ மறைந்திருந்து அக்கா, அக்கா, அக்கா என்று ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே ஏறி, தொண்டை கிழியப்போகிறது என்று நினைக்கிறபோது நின்றுவிடும், கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அடியிலிருந்து. இவள் காப்பிச் செடிக்குள் குந்திக்கொண்டு அதே மாதிரி கூப்பிடுவாள். எது குருவி, எது தங்கை என்று எனக்குப் புரியாது. என்னடி, என்பேன். "நான் கூப்பிடலயே, குருவிதான்!" என்று செடிக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு. அடுத்ததற்குப் பேசாமல் இருந்தால், நிஜமாகவே அவள்தான் கூப்பிட்டிருப்பாள், முழங்காலில் ரத்தத்தோடு. ஆகவே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிப் பழகினேன். கன்னியர் பள்ளியில் போய்ச் சேர்ந்தபோது சிஸ்டர் அதே பறவையை ஜன்னல் வழியாகக் காட்டி வேறு பெயர் சொன்னார், மூளைக்காய்ச்சல், ஆங்கிலத்தில் அது அப்படித்தான் கத்துகிறதாம், பிரெய்ன் ஃபீவர், பிரெய்ன் ஃபீவர். அன்று வகுப்பே சிரித்தது. ஒரே தொண்டை, ஒரு மொழியில் தங்கை, இன்னொரு மொழியில் நோய். இன்று அது இன்னும் கத்தவில்லை. கத்தாமல் இருந்தால் நல்லது.

ஓடைமேல் சின்னப் பாலம், அதன் கட்டைச்சுவரில் உட்கார்ந்தோம். இதுதான் அந்தக் கல். இங்கேதான் சொல்லப்போகிறாள். தமயந்தி பையிலிருந்து ஒரு டப்பாவைத் திறந்து எனக்கு நீட்டினாள், முறுக்கு, "நானே சுட்டது, உப்பு கொஞ்சம் தூக்கல், திட்டாத," என்றாள். உப்பு. ஒரு கடி கடித்து மீதியை மடியில் வைத்துக்கொண்டேன். மேலே, நாங்கள் வந்த வளைவில், அந்தச் சிவப்பு மரம் இங்கிருந்தும் தெரிகிறது, என்னை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவள் பேச ஆரம்பிப்பதற்குமுன் அதைப் பிடித்துவிட வேண்டும். பிடித்துவிட்டால் ஒருவேளை அவள் சொல்லப்போவது பொய்யாகிவிடும். வா. அந்த மரத்தை வேறு எங்கே பார்த்தேன், பூவில்லாமல், ஒரு கொம்பாக, மஞ்சள் பூசி. ஆமாம், மஞ்சள் பூசிய கொம்பு. பந்தல். தமயந்தியின் முகூர்த்தம், சேலத்தில், வாடகை மண்டபம், மணவறைக்குப் பக்கத்தில் அரசாணிக்கால், அரசங்கொம்போடு இந்த மரத்தின் கொம்பையும் சேர்த்துக் கட்டி நட்டிருந்தார்கள், முள்ளை மட்டும் சீவிவிட்டு. அப்பா அதற்குப் பக்கத்திலேயே நின்றார், பட்டு வேட்டியில், செம்பில் தண்ணீரை வைத்துக்கொண்டு அந்தக் கொம்புக்கு ஊற்றிக்கொண்டே இருந்தார், மேடை நனைந்து ஐயர் வேட்டியைத் தூக்கிக்கொண்டார். தாரை வார்க்கக் கூப்பிட்டார்கள், அப்பா வரவில்லை, "இது தழையட்டும்," என்றார். யாருக்குக் கல்யாணம் என்பது அவருக்குத் தெரியவில்லை, ஆனால் கொம்புக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது தெரிந்தது. மணப்பெண் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள், "அப்பா, எனக்குத்தான் கல்யாணம், எனக்குத்தாம்ப்பா கல்யாணம்." கல்யாணம். பிறகு அந்தக் கொம்பைக் கொல்லையில் நட்டோம், தழைத்தது, அதன் இலையிலும் அம்மா அடை சுட்டாள். கல்யாணம் என்கிற சொல்லும், காலையிலிருந்து வாசலில் நின்றுகொண்டிருந்த, நான் போ போ என்று விரட்டிய அந்த முருங்கையும் ஒன்றுக்கொன்று முகம் பார்த்தன.

"கல்யாண முருங்கை!" என்று கத்திவிட்டேன். பாலத்தடியிலிருந்து ஏதோ ஒரு குருவி விருட்டென்று பறந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, கல்யாண முருங்கை, கல்யாண முருங்கை, நாக்கு அதை விடவே இல்லை, இருக்கிறது, என்னிடம் இருக்கிறது, அப்பாவுக்கு உப்பு திரும்பி வரவே இல்லை, எனக்கு வந்துவிட்டது, தேடினால் வருகிறது, தேடினால் வருவது நோயில்லை, வெறும் தூசி, வெளியூரில் கிடந்த தூசி. தமயந்தி முறுக்கைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "என்னக்கா?" "அந்த மரம்டி. நீ எரித்ரினான்னியே. கல்யாண முருங்கை." "ஓ," என்றாள். "ஆமா. ஆமா, ஆமா. கல்யாண... முருங்கை." புதுத் தின்பண்டத்தை வாயில் போட்டுப் பார்ப்பதுபோல மெதுவாகச் சொன்னாள், திரும்பி அந்த மரத்தைப் பார்த்தாள், உதடு இன்னொரு தடவை சத்தமில்லாமல் அசைந்தது. சிரித்தாள். உதடு மட்டும் சிரித்தது. அப்போதும் நான் பார்க்கவில்லை, பார்த்தேன், ஆனால் என் சந்தோஷத்தில் அது எங்கேயோ ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. "நீ ஏதோ பேசணும்னியே, சொல்லு," என்றேன், தைரியமாக, இனி எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், என் கையில் பதில் இருக்கிறது. அவள் டப்பாவை மூடினாள். மூடியைத் திறந்தாள், மறுபடியும் மூடினாள். "சொல்றேன்க்கா. அது வந்து," என்றாள்.

அப்போது கத்தியது. சரிவுக்கு மேலே, சில்வர் ஓக் மரங்களுக்குள், தாழ்வாக முதலில், யாரையோ எழுப்ப மனமில்லாமல் எழுப்புவதுபோல. அக்கா. அக்கா. ஒரு படி ஏறியது. அக்கா. இன்னொரு படி. தமயந்தி தலையைத் தூக்கினாள், காதைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள், நான் அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தேன், நான் கூப்பிடலயே என்பாள் இப்போது, நாற்பது வயதைத் தாண்டியும் அதைச் சொல்லாமல் விடமாட்டாள். குரல் உச்சிக்குப் போய் அறுந்தது. அந்த அமைதியில் என் பக்கம் திரும்பி, "அது என்ன குருவிக்கா?" என்று கேட்டாள்.

பரீட்சை, என்று நினைத்தேன், கடைசிக் கேள்வி, இவ்வளவு சுலபமான கேள்வியா, கேள்விக்குள்ளேயே பதிலை வைத்து, குருவியையும் அக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மாற்றிப் போட்டால் போதும், பச்சைப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அவள் கண்ணைப் பார்த்தேன். பரீட்சை வைக்கிறவளின் கண் இல்லை. அது கொஞ்சம் தள்ளி, என் தோளுக்கு அப்பால், டப்பா மேல், ஓடைத் தண்ணீர் மேல் எதையோ தேடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் கண்ணைத் தெரியும். சாப்பாட்டு மேசையில் பார்த்திருக்கிறேன். காலை முழுவதும் அப்படியே பின்னால் நடந்து போயிற்று, வலதா இடதா என்று நின்ற நிற்றல், கரெக்ட் என்றபோது வந்த நிம்மதி, அட்வான்ஸ் கொடுக்காத குயில் ஒரு தடவை, இரண்டு தடவை, லத்தீனில் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தது, நான் சொல்லட்டும் என்று, என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று, மஞ்சள் குடை, கறுப்புக் குடை. எனக்கு இல்லை. முதலில் வந்தது அதுதான், எனக்கு இல்லை, ஒரு நொடி, அரை நொடி, உடம்பு முழுக்க வெளிச்சம் போட்டதுபோல ஒரு நிம்மதி, அதை நான் நிறுத்துவதற்குள் அது வந்து என்னைத் தொட்டுவிட்டுப் போயிற்று. பிறகு காலுக்குக் கீழே பாலம் இல்லாததுபோல இருந்தது. இருபது வருஷமாக நான் எனக்காகத் தைத்து வைத்திருந்த பயம் முழுவதும் இவள் அளவுக்குச் சரியாக இருந்தது. சொல்லு, என்றது வாய். அக்காக்குருவிடி, லூசு, மறந்துட்டியா. அந்த மறந்துட்டியாவை எப்படிச் சொல்வது. கப்பலா என்று கேட்டுச் சிரித்த வீட்டில் பிறந்தவள் நான்.

"தெரியலடி," என்றேன்.

"உனக்கும் தெரியலையா? நெஜமாவா?"

"நெஜமாத்தான். எத்தன வருஷம் ஆச்சு. எல்லாம் போச்சு."

அவள் மூச்சை விட்டாள், நீளமாக, காலையிலிருந்து பிடித்து வைத்திருந்ததைப்போல. என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள், தலையில் காப்பிப் பூ வாசனை, காதோரத்தில் நரை. "நல்லவேளைக்கா. எனக்கு மட்டுந்தான் இப்பிடி ஆவுதோன்னு ரொம்ப பயந்துட்டேன். அதத்தான் உன்கிட்ட பேசணும்னு இருந்தேன். வயசாயிருச்சு, ரெண்டு பேருக்கும், அவ்வளவுதான் இல்ல?" நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்று இருந்தது, முறுக்கு எண்ணெயோடு. நாளைக்கு, நாளைக்கு நான் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, எனக்குத் துணைக்கு வா என்று இவளைக் கூட்டிப் போக வேண்டும், அப்படித்தான் கூட்டிப் போக முடியும். மேலே சில்வர் ஓக்குக்குள் அது மறுபடியும் அடியிலிருந்து ஆரம்பித்தது, அக்கா, அக்கா, ஒரு படி, அக்கா, இன்னொரு படி, நிறுத்தேன், நிறுத்திவிடேன், அது இன்னும் ஏறி, இதற்குமேல் இல்லை என்கிற இடத்துக்குப் போனபோது, பழைய பழக்கத்தில், என்னை அறியாமல், "என்னடி?" என்றேன்.

தமயந்தி தோளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"நான் கூப்பிடலயேக்கா," என்றாள்.